சார், உள்ள போக மாட்டேங்குது!

கல்லூரிப் பாடமும் தேர்வும் வருகைப்பதிவும் கணினிக்குள் குடியேறிய பிறகு, அவற்றைத் தேடி உள்ளே போக முடியாதவர்களைக் கைபிடித்து அழைத்துப் போகும் வேலைக்கு இணையவழிக் கல்வித் தொழில்நுட்ப உதவி என்று பெயர். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனி அலுவலகம், குளிரூட்டிய அறை, ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் எல்லாம் உண்டு. செஞ்சி மாதிரி ஊர்க் கல்லூரிகளில் அந்த அலுவலகம் முழுவதும் ஒரே ஆளின் சட்டைப் பைக்குள் இருக்கும். பதிவேட்டில் ஆய்வக உதவியாளர் என்றோ, கணினித் துறைக்குக் கடைசியாக வந்த கௌரவ விரிவுரையாளர் என்றோ குறிக்கப்பட்டிருக்கும் அவருக்கு வளாகம் வைத்த பெயர் ‘லேப் சார்’. அவரிடம் வரும் புகார்களைத் தரம் பிரிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. எல்லாம் ஒரே புகார்தான்: “சார், உள்ள போக மாட்டேங்குது.”

செஞ்சியில் இந்த வாக்கியம் புதிதல்ல. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் கோட்டைக்கு வெளியே பாளயம் இறங்கியபோது அவருடைய புகாரும் இதுவே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகள், அவற்றை இணைக்கும் மதில்கள். இதில் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் ஒரு பிளவு, அதன்மேல் ஒரு மரப்பாலம். பலகையை இழுத்துக்கொண்டால் மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே. உள்ளே மராட்டிய அரசர் ராஜாராம். முற்றுகை 1698 வரை நீண்டது. கடைசியில் முகலாயர்கள் உள்ளே போனபோது ராஜாராம் ஏற்கெனவே வெளியேறியிருந்தார். ஜுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற சந்தேகம் வரலாற்றாசிரியர்களிடம் உண்டு. ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை மாதக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் அந்தச் சந்தேகத்தை உடனே நம்புவார்கள். 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தள நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். நுழைய முடியாமல் கட்டுவதற்கும் உலக அங்கீகாரம் கிடைக்கும் என்று போர்ட்டல் வடிவமைப்பாளர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

இணையவழிக் கல்வியில் தமிழ்நாடு பிந்தி வந்ததாகச் சொல்ல முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். மொரீஷியசிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் ‘அ’ எழுதப் பழக வழி செய்துவிட்ட அந்த நாளில், செஞ்சியில் இணையம் என்றால் தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருகி, அது கிறீச்சிட்டு முடியும் வரை காத்திருப்பது. நடுவில் யாராவது அந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் இந்தத் துறையின் தல வரலாறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில், வானொலி வழியாக நடந்த பள்ளியில் படித்து வளர்ந்தவர் மார்ட்டின் டூகியாமாஸ். பின்னாளில் பெர்த் நகரின் கர்டின் பல்கலைக்கழகத்தில், விலை கொடுத்து வாங்கிய ஓர் இணையக் கல்வி மென்பொருளைப் பராமரிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. அதாவது, அவரும் ஒரு லேப் சார். அந்த மென்பொருளோடு மாரடித்து அலுத்துப்போய், சொந்தமாக ஒன்றை எழுதினார். 2002 ஆகஸ்டு 20 அன்று வெளியான அதன் பெயர் மூடில். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் உலகெங்கும் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. பழைய தமிழ் இலக்கணப்படி ‘மூடில்’ என்றால் ‘மூடினால்’ என்று பொருள். பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தேர்வுக்கு முந்தின இரவில் சர்வர் அந்தப் பொருளைச் சரியாகவே காப்பாற்றும்.

இந்தியாவில் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017 ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ‘ஸ்வயம்’ தளத்தைத் தொடங்கி வைத்தார். பட்டப்படிப்பின் ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை இதில் படித்துக்கொள்ளலாம் என்றிருந்ததைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் 40 ஆக்கியது. 2022இல் மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ வந்தது. ஒவ்வொரு திட்டமும் நல்ல திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல்.

‘ஸ்வயம்’ என்றால் ‘தானாக’ என்று பொருள். தானாக அதில் நுழைந்தவர்களை லேப் சார்கள் அதிகம் சந்தித்ததில்லை. பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னை ஐஐடி பேராசிரியர் செஞ்சி மாணவிக்காகக் கரும்பலகையில் பொறுமையாக எழுதுகிறார். புரியாவிட்டால் ஓட்டிப் பின்னால் போகலாம், அவர் முகம் சுளிக்க மாட்டார். வாராவாரம் ஒப்படைப்பு. 12 வார என்பிடெல் பாடம் என்றால் அதில் நன்றாகச் செய்த 8 வாரம் கணக்கு. ஒப்படைப்புக்கு 25, மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59 வரை திறந்திருக்கும். இந்த ஒரு தகவலிலிருந்தே, லேப் சார் வீட்டில் புதன்கிழமை யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை என்பதைப் பெறலாம்.

சிக்கல் வாசலில் இருக்கிறது. அதிலும் பெரிய சிக்கல், ஓடிபி எனப்படும் ஆறு இலக்க எண். கல்லூரியில் சேரும்போது கொடுத்த கைப்பேசி எண்ணுக்கு அது போகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேர்ந்த பெண் பிள்ளைகளில் பலர் அன்று கொடுத்தது அப்பாவின் எண். அப்பா எங்கே இருப்பார்? ஸ்வயத்தில் ஜனவரிப் பருவத்துப் பாடங்களுக்குப் பதிவு நடக்கும் நாள்களும் சம்பா நெல் அறுவடையாகி வரும் நாள்களும் ஒன்று. எனவே செஞ்சி வட்டாரத்து அப்பா அந்த நேரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மூட்டைகளுக்கு நடுவே, எடைக்காகக் காத்திருப்பார். எண் செல்லுபடியாகும் நேரம் பத்து நிமிடம். ஆய்வகத்தில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அப்பா, உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லு.”

“இன்னும் நம்மள கூப்புடலம்மா. முன்னால நாப்பது மூட்ட கெடக்கு.”

“அந்த நம்பர் இல்லப்பா, மெசேஜ்ல வந்திருக்கும்.”

“அதுவா? அத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்குல சொல்லியிருக்காங்க.”

“நான் உன் பொண்ணுப்பா!”

“பொண்ணு கொரல்லயே பேசுவாங்களாம். டிவியில காட்டுனான்.”

இதற்குப் பிறகு லேப் சார் போனை வாங்கி, தாம் இன்னார் என்று சொல்லிப் பார்ப்பார். பெண் குரலுக்கே மசியாதவர் அந்நிய ஆண் குரலுக்கு மசிவாரா? பெண்ணின் அம்மா பெயர், வீட்டுப் பசுவின் நிறம் என்று சில கேள்விகள் மறுமுனையிலிருந்து வரும். இணையப் பாதுகாப்பு நூல்களில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று சொல்லப்படுவதன் மிகத் திருத்தமான வடிவம் இதுதான். எல்லாம் ஒத்துப்போய் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து முதல் மூன்று இலக்கங்களைப் படிக்கும்போது, திரையில் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று வரும். மறுபடி அனுப்பினால் புதிய எண். அப்பா பழையதையே தொடர்ந்து படிப்பார்.

மின்னஞ்சல் இதைவிட ஆழமான விஷயம். அதன் மூலத்தைத் தேடிப் போனால் பேருந்து நிலையத்துப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் போய் நிற்கும். பள்ளி முடித்த கோடையில் விண்ணப்பம் போட வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தவர் கடைக்காரர். கடவுச்சொல்லையும் அவரே வைத்தார்: கடையின் பெயர், அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு வட்டாரத்து இளைஞர்களின் மின்னணு வாழ்க்கை முழுவதும் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் அந்த நோட்டில் இருக்கிறது. அதன்மேல் பல நேரம் டீ கிளாஸும் இருக்கிறது. பாதுகாப்பு வல்லுநர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். ஆனால் பக்கத்தைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் கடவுச்சொல்லை எடுத்துக் கொடுக்கும் உதவி மையம் வேறெங்கும் கிடையாது என்பதும் உண்மை. லேப் சார்களே ஆள் அனுப்பிக் கேட்பதுண்டு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், துணைப்பாடமாக இருந்த இணையம் ஒரே வாரத்தில் கல்லூரியாகிவிட்டது. காசில்லா ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் தானாக முடியும். அதில் 15 நிமிடம் “கேக்குதா?” என்பதற்குப் போகும். சிக்னலுக்காக மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறி உட்கார்ந்த மாணவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. பாறையும் குன்றுமான ஊர்களில் இது இன்னும் கஷ்டம். கோட்டை கட்டியவனுக்கு உதவிய மலை, செல்போன் அலையையும் எதிரியாகவே எண்ணித் தடுக்கும். 2021 ஜனவரியில், ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தரும் இலவச அட்டைகளை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மாநில அரசு அறிவித்தது. அட்டை வந்தது. அலை சில தெருக்களுக்கு வந்தது.

ஆசிரியர்கள் பாடும் சொல்லி முடியாது. மூத்த பேராசிரியர் ஒருவர் முக்கால் மணி நேரம் உணர்ச்சிகரமாகப் பாடம் நடத்தி முடித்துவிட்டு, மைக் முழுவதும் மியூட்டில் இருந்ததைக் கடைசியில் கண்டுபிடித்த சம்பவம் எல்லாக் கல்லூரிகளுக்கும் சொந்தமானது. மாணவர்கள் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வகுப்பைப் பற்றி மட்டும் ஒரு புகாரும் வரவில்லை.

தேர்வு வந்தபோது நிலைமை முற்றியது. வீட்டிலேயே வெள்ளைத்தாளில் எழுதி, கைப்பேசியில் ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிப் பதிவேற்ற வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஸ்கேன் செயலி கேம்ஸ்கேனர். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனத் தொடர்புடைய செயலிகளில் அதுவும் ஒன்று. இறுதியாண்டுத் தேர்வு செப்டம்பரில். எல்லைப் பிரச்சினை லடாக்கில் நடந்தது, அதன் விளைவை விழுப்புரம் மாவட்டத்து லேப் சார்கள் போனில் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்த விடைத்தாள்களில் பாதி தலைகீழ். அநேகமாக எல்லாப் பக்கத்திலும் இடது கைக் கட்டைவிரல். ஒரு சிலவற்றில் ஓரத்தில் பூனை வால். பதிவேற்றியது போதாதென்று, எழுதிய தாள்களை விரைவு அஞ்சலிலும் அனுப்பச் சொன்ன பல்கலைக்கழகங்கள் உண்டு. இணையத் தேர்வின் கடைசிக் கட்டம் தபால் ஆபீஸ் வரிசையில், கோந்து டப்பாவுக்குப் பக்கத்தில் முடிந்தது. அங்கே சர்வர் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. கோந்துதான் காய்ந்திருந்தது.

இப்போது வகுப்புகள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டன. போர்ட்டல்கள் திரும்பிப் போகவில்லை. கண்ணாடி இழைக் கம்பி வந்திருக்கிறது. அது எங்கே ஓடுகிறது என்பது, சாலையைத் தோண்டும் ஜேசிபி ஓட்டுநருக்கு மட்டும் அவ்வப்போது தெரியவரும். கோட்டைக்குள் கல்யாண மஹாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அன்றைக்கு ஜேசிபி கிடையாது.

லேப் சாரின் சம்பளத்தில் இந்த வேலைக்கென்று தனிப்படி எதுவும் இல்லை. அவரே ஐந்து போர்ட்டல்களுக்கு அட்மின், என்பிடெல் தொடர்பாளர், யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுபவர். புதன்கிழமை இரவு அவருக்குப் போன் செய்தால் எடுப்பார். செய்வதற்கு முன் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துவிட்டால் அவருக்கு அது பெரிய உதவி. வருகிற ஜனவரியில் பதிவு செய்யப்போகும் பிள்ளைகள் தங்கள் சொந்த எண்ணையே கொடுக்கவும். அப்பா எண்தான் கொடுக்க வேண்டும் என்றால், நெல் எடை போட்டு முடிந்த பிறகு பதிவு செய்யவும்.