பிரீசர் இலக்கணம்: தண்ணியில்லாக் காட்டிலிருந்து ஓர் உரை

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது மரபு. ஆகவே முதலில் அதை முடித்துவிடுவோம். நூற்பெயர்: பிரீசர் இலக்கணம். நுவலும் பொருள்: மீனையும் சமைத்த குழம்பையும் வீட்டு பிரீசரில் அடுக்கும் முறை. எல்லை: வடக்கே தொண்டி, தெற்கே வாலிநோக்கம், கிழக்கே அரிச்சல்முனை, மேற்கே பரமக்குடி. காலம்: விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாத 61 நாள், அதாவது ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கேட்போர்: பிரீசரைத் திறந்தபடி ஐந்து நிமிடம் யோசித்து, ஒன்றும் எடுக்காமல் மூடுபவர். பயன்: கரண்டு பில் குறைதல்.

காலத்தை இப்படி வரையறுத்ததற்குக் காரணம் உண்டு. ராமேசுவரத்தில் தடை இல்லாத நாளிலேயே திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. எந்தக் கிழமை எந்த மீன் வரும் என்பது இங்கே பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வரத்தான் செய்யும். ஆனால் விலையைக் கேட்டால் மீனைவிட நமக்குத்தான் வாய் பிளக்கும். எனவே ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கடற்கரை வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்குகிறது. நெல்லுக்குக் குதிர், கருவாட்டுக்குப் பானை என்றிருந்த வீட்டில் இன்று அந்தப் பரபரப்பு முழுவதும் ஒரு சிறிய வெள்ளைக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

முதல் இயல்: இடமாற்றக் கொள்கை

அரசு அலுவலகங்களில் ஒரு பழைய மிரட்டல் உண்டு: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!” அந்தக் காடு வேறெங்கும் இல்லை, எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். உணவைக் கெடாமல் காக்கும் விஞ்ஞானம் மொத்தமும் இந்த ஒரு மிரட்டலுக்குள் அடங்கிவிடுகிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

கெட்டுப்போதல் என்பது பெரும்பாலும் கிருமியின் வேலை. கிருமிக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே அதைத் தண்ணீர் இல்லாத ஊருக்கு மாற்றல் செய்துவிட்டால் அது வேலை பார்க்காது. நெத்திலிக்கும் திருக்கைக்கும் உப்புப் போட்டு வெயிலில் பரத்தும்போது நடப்பது இதுதான்: உள்ளிருக்கும் நீரை உப்பு இழுக்க, வெயில் உலர்த்த, கிருமி சித்திரை மாதத்து முதுகுளத்தூரில் போய் நிற்கிறது. களத்தில் காயும் முண்டு மிளகாயும் அவ்வாறே. 2023இல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அதன் சருகுத் தன்மையில் எங்கள் வெயிலின் பங்கைப் பாராட்டித்தான் என்று யாம் எடுத்துக்கொள்கிறோம். கீழக்கரைத் துதல் என்னும் இனிப்பில் நீர் இருக்கிறதே என்பீர்களானால், இருக்கிறது. ஆனால் அதைச் சர்க்கரை கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. குடிநீர் குழாய் இருந்தும் சாவி வேறொருவரிடம் இருப்பதுபோல.

பிரீசர் இதில் நுட்பமான வகை. மைனஸ் 18 டிகிரியில் நீர் எங்கும் போய்விடவில்லை, ஆனால் கட்டியாகிவிட்டது. கிருமியின் நிலை ராமேசுவரம் தீவுக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தாவின் நிலை: கண்ணெதிரே கடல், கையில் காலிக் குடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரீசர் கிருமியைக் கொல்வதில்லை. தற்காலிகப் பணிநீக்கம்தான் செய்கிறது. மீனை எடுத்து அடுப்படித் திண்டில் மதியம் வரை போட்டு வைத்தால், அது நிலுவைச் சம்பளத்தோடு பணியில் சேர்ந்துவிடும். ஆகவே முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி இளகவிட வேண்டும். இளகியதை மறுபடி உறைய வைப்பது, சேர்ந்தவரை மறுபடி நீக்குவது. வழக்கு வளரும்.

இரண்டாம் இயல்: முன்னோர்

தமிழகத்துக்கு ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் குளங்களை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடல் கடத்தி விற்றவர் ஃபிரெடரிக் டியூடர். அவர் 1842இல் மதராஸ் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி இருந்த இடத்தில் துறவி தங்கினார். இரண்டுக்கும் பொது, சூடு தணித்தல்.

அடுத்தவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1910களில் லாப்ரடாரில் இருந்தபோது, பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென உறைவதையும், பிறகு சமைத்தால் புதுமீன்போல ருசிப்பதையும் கண்டார். சட்டென உறைந்தால் பனிப்படிகம் பொடியாக இருக்கும். மெதுவாக உறைந்தால் பெரிதாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். அப்புறம் இளகும்போது மீனின் சாறெல்லாம் தட்டில் நிற்கும். எங்கள் அப்பத்தா மண்டபத்தை விட்டு வடக்கே மானாமதுரையைத் தாண்டியதில்லை. ஆனாலும் இறாலை உருண்டையாக அள்ளிப் போட்ட மருமகளிடம், “குமிக்காதத்தா, பரப்பு” என்றார். லாப்ரடார் சென்று பேர்ட்ஸ்ஐ கண்டதும் இதுவே.

மூன்றாம் இயல்: உள்ளுறை

பிரீசரின் முதன்மைக் கலம் ஐஸ்கிரீம் டப்பா. வெளியே வெனிலா என்று எழுதியிருக்கும். உள்ளே சூடை மீன் இருக்கும். சொல்லப்பட்டது ஒன்று, உள்ளே உறைவது வேறொன்று என்ற இந்நயத்தைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றார். அவர் ‘உறை’ என்ற சொல்லைத் தேர்ந்தது தற்செயல் என்று யாம் நம்பவில்லை. களமும் நெய்தல்.

டப்பா திறக்கப்படும்போது எட்டு மெய்ப்பாடுகளில் ஆறு ஒரே அடுப்படியில் தோன்றக் கண்டோம். குழந்தைக்கு முதலில் உவகை, மூடி கழன்றதும் மருட்கை, பின்பு அழுகை. சென்னையிலிருந்து வந்த மருமகளுக்கு இளிவரல். அவரைப் பார்த்த நாத்தனாருக்கு நகை. அப்பத்தாவுக்குப் பெருமிதம்.

அடுக்கு மூவகைப்படும். மேலடுக்கு ‘இன்னைக்கு’: கழுவி நறுக்கிய கணவாய், தேங்காய் சேர்க்காமல் கொதிக்க வைத்த புளிக்குழம்பு. நடு அடுக்கு ‘விருந்தாள் வந்தா’: இறால், விளமீன் துண்டு. அடியடுக்கு ‘தம்பி சிங்கப்பூர்லேர்ந்து வந்தா’. இந்த மூன்றாவது அடுக்கைத் தம்பியே வந்தாலும் திறப்பதில்லை. அவன் திரும்பிப் போகும் அன்று நினைவுக்கு வரும்.

விலக்கும் உண்டு. உருளைக்கிழங்கு போட்ட சாம்பார் உறைந்து இளகினால் கிழங்கு பஞ்சாகும். தேங்காய்ப்பால் சொதி திரியும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். சூடை கொழுப்பு மீன். இரண்டு மூன்று மாதத்தில் காறிவிடும். கொழுப்புக் குறைந்த விளமீன் ஆறு மாதம் தாங்கும். அதனால் டப்பாவில் தேதி எழுதுவது நலம். எங்கள் வீட்டில் எழுதியிருந்தார்கள். ‘வெள்ளிக்கிழமை’ என்று மட்டும்.

நான்காம் இயல்: தடையும் விடையும்

தடை: தண்ணியில்லாக் காடு என்றீர். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருவெல்லாம் மிதந்ததே? விடை: மிதந்தது. ஆனால் தெருவில் நிற்கும் தண்ணீரையும் குடிக்க முடியாது. கொள்கை மேலும் உறுதியாகிறது.

ஐந்தாம் இயல்: கள ஆய்வு

தடை முடிகிற ஜூன் 14 அன்று அடியடுக்கைக் காலி செய்தோம். பெயரும் தேதியும் இல்லாத மூன்று டப்பாக்கள். உள்ளே வெளிறிய கட்டி. யாம் கணவாய் என்றோம். மனைவி இறால் என்றார். தொலைபேசியில் தம்பி, “எனக்கு வச்சதுதான, நண்டா இருக்கும்” என்றான். மூன்றையும் பெரிய தாம்பாளத்தில் கவிழ்த்து, குறிப்பேட்டுடன் எதிரே உட்கார்ந்தோம்.

நெடுநேரம் கழித்துத் தாம்பாளத்தில் தண்ணீர் நின்றது. வேறொன்றும் இல்லை.

“தண்ணிதேன் அப்பு,” என்றார் அப்பத்தா. “மீனு தீரத் தீரப் பெட்டி காலியாகுதுல்ல? காலிப் பெட்டி, கரண்டு போச்சுன்னா சீக்கிரம் இளகிரும். ரொம்புன பெட்டிதேன் தாங்கும். அதேன் டப்பா டப்பாவா ஊத்தி வச்சேன்.”

உணவு நூலார் இதையே, திறக்காத நிறைந்த பிரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் தாங்கும் என்பர்.

யாம் குறிப்பேட்டை மூடிவிட்டுத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனோம்.

“அய்ய, அங்கிட்டு ஊத்திராத. குடம் கணக்குல காசு குடுத்து வாங்குன வண்டித் தண்ணி அது.”

தவலையில் ஊற்றினோம்.