கார்னோவா, யார் அது?

வாட்டர்லூவில் இங்கிலாந்துக்காரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிரான்ஸில், மாஜி ராணுவ மந்திரியின் மகன் ஒருவருக்கு ஞானோதயம். இங்கிலாந்தின் திமிரெல்லாம் நீராவி எஞ்சினால் வந்தது. அதைப் பிடுங்கினால் கதை கந்தல். பிடுங்க வழியில்லாததால் புத்தகம் எழுதினார். பெயர் சாடி கார்னோ, ஆண்டு 1824, வயது 28. கைக்காசு போட்டு 600 பிரதி அடித்தார். சீந்துவாரில்லை.

விஷயம் இவ்வளவுதான்: கொதிகலனில் தண்ணீர் ஊற்றினாலும் சாராயம் ஊற்றினாலும் ஒன்றே. மேலே எவ்வளவு சூடு, கீழே எவ்வளவு சூடு என்பதுதான் எஞ்சினின் உச்சவரம்பு. 100 டிகிரி நீராவி, அது குளிரும் கண்டென்சர் 30 டிகிரி என்றால், பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்குப்படி நூற்றுக்கு 19 பங்குதான் வேலையாக மாறும். நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட்டே எழுந்து வந்தாலும் அதை இருபதாக்க முடியாது. இத்தனைக்கும் வெப்பம் என்பது ஒருவகைத் திரவம் என்று நம்பித்தான் மனிதர் இதைக் கண்டுபிடித்தார். வழிமுறை தப்பு, விடை சரி. நம் கணக்கு வாத்தியார் பாதி மதிப்பெண்கூடப் போட்டிருக்க மாட்டார்.

1832-ல் காலரா அவரைக் கொண்டுபோனது. வயது 36.

1845-ல் வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்துக் கெல்வின் பிரபு, அந்தப் புத்தகத்துக்காகப் பாரிஸில் கடைகடையாக ஏறி இறங்கினார். அவருடைய உச்சரிப்பில் ரகரம் தொலைந்துபோனதால், அப்படி ஓர் எழுத்தாளரே இல்லை என்று கைவிரித்தார்கள். ஒருவழியாக நாக்கைச் சுழற்றி ரகரத்தை உருட்டிக் காட்டியதும் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷமாக ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஏதோ சமூகப் பிரச்சினை பற்றி சாடியின் தம்பி இப்போலித் எழுதியது!

அப்புறம் ஜெர்மானியர் கிளாசியஸ் வந்து அந்த வெப்பத் திரவத்தைக் கீழே கொட்டினார். 1865-ல் என்ட்ரோபி என்று ஒரு கணக்குக்குப் பெயரும் வைத்தார். உள்ளே போன வெப்பத்தை, கெல்வினில் அளந்த வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 100 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2257 கிலோஜூல் தேவை. 100 டிகிரி என்பது கெல்வினில் 373. அதனால் வகுத்தால் 6.05. அதே வெப்பத்தை வேலை ஏதும் வாங்காமல் 30 டிகிரி ஆற்றில் விட்டால் 303-ஆல் வகுக்க வேண்டும்: 7.45. நடுவில் முளைத்த அந்த 1.4 கூடினது கூடினதுதான். பிரபஞ்சத்தின் கணக்கிலிருந்து அதைக் கழிக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது.

அனல் மின்நிலையங்களில் இன்று நீராவியை 540, 600 டிகிரி என்று காய்ச்சுவது கார்னோ சொன்ன இடைவெளியைக் கூட்டத்தான். அப்படியும் பெரும்பாலான நிலையங்களில் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்குமேல் புகைபோக்கி வழியாகவும் கூலிங் டவர் வழியாகவும் வீணாகத்தான் போகிறது.