ஏறிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்!

கல்லூரி மாணவர், திண்டிவனம்: ஜப்பான் போய் வந்த என் மச்சான் ஹிமேஜி கோட்டைப் படங்களைக் காட்டி ரொம்பவே பீற்றிக்கொள்கிறார். பதிலுக்கு நாம் எதைக் காட்டுவது?

திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றிச் செஞ்சியில் இறக்கிவிடுங்கள். 1609-ல் கட்டி முடித்த ஹிமேஜியின் வெள்ளைக் கோபுரம் கொள்ளை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், கட்டிய நாளிலிருந்து அது பெரிய போர் எதையும் பார்த்ததில்லை. செஞ்சிக் கோட்டை பார்க்காத போரே கிடையாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் மதில். ராஜகிரி மட்டும் ஏறத்தாழ 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து, ஆழமான பள்ளம். அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே உட்கார்ந்து இளைப்பாற வேண்டியதுதான். மச்சானும் அந்த இடத்தில் உட்காருவார். அப்போது ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, விழுப்புரம்: பிடிக்க முடியாத கோட்டை என்கிறார்கள். பிறகு எப்படி இத்தனை பேர் பிடித்தார்கள்?

மடக்கிவிட்டீர்களே, டீச்சர்! 1649-ல் நாயக்கரிடமிருந்து பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். மலை என்னமோ சரியாகத்தான் இருந்தது. காவல்தான் ஆளுக்கு ஆள் மாறியது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்கு ஒரே ராத்திரி போதுமானதாக இருந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானோ 1690-ல் வந்து முற்றுகை போட்டவர், எட்டு வருஷம் ஓட்டினார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அப்போதே பேச்சு. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். செஞ்சி விழுவதற்குள் அவர் நழுவிவிட்டார். கான் கோட்டையைப் பிடித்தார். ஆளைக் கோட்டை விட்டார்.

வாசகர், மயிலம்: செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் பேசாமல் கோட்டைக்குள்ளேயே இருந்திருக்கலாமே?

இருந்திருக்கலாம். 1714-ல் அவருக்கு வயது 22 என்கிறார்கள். எதிரே ஆற்காட்டு நவாபின் படை; கையில் கொஞ்சம் ஆட்கள். அந்த வயதில் மதிலுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? வெளியே வந்தார், செத்தார், கதைப்பாட்டில் ஏறிவிட்டார். ஜெயித்த நவாபுக்குப் பாட்டு இல்லை.

புது மாப்பிள்ளை, விக்கிரவாண்டி: செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலில் ரிசப்ஷன் வைக்க முடியுமா?

தொல்லியல் துறை விடாது. நாலுபக்கமும் வளைவு அறைகள், நடுமுற்றத்தில் அடுக்கடுக்காய் மாடி, தலையில் பிரமிடு போன்ற கூரை. மண்குழாயில் தண்ணீர் வேறு வந்திருக்கிறது. பந்திக்கு நடுவில் தண்ணீர் நின்றுபோகும் நம் மண்டபங்களை நினைத்தால், கேட்டதில் தப்பில்லை.

வழக்கறிஞர், திண்டிவனம்: 2025-ல் யுனெஸ்கோ அறிவித்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் செஞ்சி எப்படி வந்தது? அவர்கள் இங்கே இருந்ததே 21 வருஷம்தானே?

பதினொன்று மகாராஷ்டிரத்தில், வெளியே இருப்பது இது ஒன்றுதான். குடியிருந்து போனவர் பெயரில் இன்னும் கரண்ட் பில் வருவதில்லையா, அப்படித்தான். ஆனால், மதில்களைப் பலப்படுத்திய செலவு சிவாஜியுடையது. கேஸ் போட்டால் தோற்றுப்போவீர்கள், வக்கீல் சார்.