கவசம் பத்தாத பிள்ளையார்

சித்தூர் பக்கத்தில் காணிப்பாக்கம். கிணற்றில் எழுந்த சுயம்பு விநாயகர் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்துகொடுத்த வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் பத்தவில்லையாம். ஆன்மிகத்தால் வளர்ச்சி உண்டு என்பதற்குக் கைவசம் உள்ள சான்று இதுதான். வளர்வது சாமி.

பக்தர் தரப்பில் சத்தியம் உண்டு. குடியை விடுகிறேன் என்று இங்கே வந்து சத்தியம் செய்பவர்கள் பலர். அரசியல்வாதிகளும் 'காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்யத் தயாரா?' என்று சவால் விடுவார்கள். சவால் வருகிற வேகத்தில் ஆள் வருவதில்லை.

அடுத்து திருமலை. முடி காணிக்கை செலுத்தும் கல்யாணகட்டாவில் அகந்தையை இலவசமாக மழித்துவிடுவார்கள். தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விட, கோடிக்கணக்கில் போகும். மொட்டையோடு இலவச வரிசையில் நிற்பவர் 300 ரூபாய் டிக்கெட்காரரைப் பார்த்துப் புழுங்குவார். அவரோ, ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுத்து முன்னால் போகிறவரைப் பார்த்து.

மலையிறங்கியதும் பெருமாளைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

"எவ்வளவு நேரத்துல தரிசனம் ஆச்சு?"

"ரெண்டே மணி நேரம். நமக்கு சிபாரிசு லெட்டர் இருந்துச்சுல்ல!"