சாம்பற் சுவரியல்: செம்பூர்ச் சுவரொன்றை முன்வைத்து ஒரு விசாரணை

ஒரு சுவருக்குச் சாம்பல் நிறம் அடிப்பது பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்று மழைக்காலம் கழித்து, அதே சுவரின் நடுவில், வேறொரு கம்பெனியிடம் வாங்கிய ‘அதே’ சாம்பலை அடிப்பதுதான் ஆய்வுக்குரிய பொருள். இதைத் தமிழிலக்கணம் முன்பே உணர்ந்திருந்தது என்பது நம் துணிபு. உவமைக்குரிய ஒப்புமையை நான்காக வகுத்த தொல்காப்பியர், செயலையும் பயனையும் வடிவையும் முன்னே வைத்துவிட்டு, நிறத்தை ‘உரு’ என்று கடைசிக்குத் தள்ளினார். ஏன் கடைசி என்பதற்கு உரையாசிரியர்களைத் தேட வேண்டாம். இரண்டு பெயின்ட் கடை ஏறி இறங்கினால் போதும்.

ஆய்வுக் களம்: மும்பை, செம்பூர், சேடா நகர், இரண்டாம் மாடி, ஹால். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்த நீர், ஜூனில் தொடங்கி கணபதி பண்டிகைவரை சுவரில் ஒரு தேசப்படம் வரைந்தது. சொசைட்டி செக்ரட்டரியின் மூன்று கடிதங்களுக்குப் பிறகு மேலே வாட்டர்ப்ரூஃபிங் நடந்தது. கீழே பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்ததில் நாலடிக்கு மூன்றடியில் ஒரு வெள்ளைச் செவ்வகம் மிஞ்சியது. சுற்றிலும் பழைய சாம்பல். அந்தச் சாம்பலின் டப்பா பால்கனியில் இருந்தது. உள்ளே கறிவேப்பிலைச் செடி. வெளியே ஒட்டியிருந்த சீட்டு வெயிலில் வெளுத்து, எழுத்தெல்லாம் போயிருந்தது. விற்ற கடைக்காரரோ இதற்குள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்.

இப்படி ஒரு சிக்கலை ஆராய மும்பையைவிடத் தகுதியான ஊர் இந்தியாவில் இல்லை. லோயர் பரேலில் 1920இல் ககன் பெயின்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய நெரோலாக். 1942இல் கிர்காவில் நான்கு நண்பர்கள் ஒரு கராஜில் தொடங்கியது ஏசியன் பெயின்ட்ஸ். அதே 1942இல் அமெரிக்காவில் டேவிட் மெக்ஆடம் என்பவர், இரண்டு நிறங்கள் எவ்வளவு விலகினால் மனிதக் கண் ‘வேறு’ என்று சொல்லும் என்பதை அளந்து வெளியிட்டார். அதே ஆண்டில்தான் மாட்டுங்காவில் ராமா நாயக்கின் உடுப்பிச் சாப்பாட்டுக்கடையும் திறந்தது. இந்தக் கடைசித் தகவல் ஆய்வுக்குத் தேவையில்லை என்று மறுப்போர் உண்டு. களப்பணி மதியம் பன்னிரண்டரைக்கு அந்த வாசலைக் கடக்க நேர்ந்ததால் சேர்க்கப்பட்டது.

இனி நூற்பா. ‘வெள்ளைக் குழம்பில் கருமை சிறிதும், காவியும் மஞ்சளும் அதனினும் சிறிதும் கூடியது சாம்பல்.’

இதன் பொருளாவது: சாம்பல் என்று தனியாக ஒரு சாயம் டின்டிங் மெஷினில் கிடையாது. டைட்டானியம் டை ஆக்சைடு போட்ட வெள்ளை பேஸில் சில மில்லி கறுப்பு, அதை வெதுவெதுப்பாக்கச் சில துளி இரும்பாக்சைடு மஞ்சள் அல்லது சிவப்பு. அவ்வளவே. கறுப்பிலும் சாதிகள் உண்டு. விளக்குக் கரியைப் போன்ற பருமனான கார்பனை வெள்ளையில் கலந்தால் நீலம் சாயும். நுண்ணிய கார்பனைக் கலந்தால் பழுப்பு சாயும். ஒவ்வொரு கம்பெனிக்கும் வெள்ளை வேறு, கறுப்பு வேறு, சாயத்தின் அடர்த்தி வேறு. ஆகவே முதற்கம்பெனியின் சூத்திரத்தை இரண்டாங்கம்பெனியின் மெஷினில் போட்டால் கிடைப்பது இரண்டாங்கம்பெனியின் அபிப்பிராயம்.

கருஞ்சிவப்பு அடித்த சுவரில் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது. அங்கே இரண்டு துளி கூடிக் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. சாம்பலில் கவனிப்பார்கள். சுத்தமான நடுநிலைக்குப் பக்கத்தில் பச்சையோ ஊதாவோ மயிரிழை சாய்ந்தாலும் கண் பிடித்துவிடும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976இல் நிற வேறுபாட்டை அளக்க ஒரு சூத்திரம் தந்தது. அது போதாமல், பின்னர் 2000ஆம் ஆண்டின் பெயரில் வந்த திருத்திய சூத்திரத்தில், சாம்பலை ஒட்டிய நிறங்களுக்கென்றே தனியாக ஒரு திருத்தம் சேர்த்தார்கள். உலகத்து விஞ்ஞானிகள் ஒன்றுகூடி விதிவிலக்கு கொடுத்த நிறத்தைத்தான் நாம் ஹாலில் அடிக்கிறோம்.

அந்தச் சூத்திரத்தின் அலகுக்கு டெல்டா ஈ என்று பெயர். ஏறக்குறைய ஒரு டெல்டா ஈ வேறுபட்டால் கூர்ந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். மும்பைக் கடைகளில் வழங்கும் அலகு வேறு: உன்னீஸ்-பீஸ். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் உள்ள தூரம். விற்பவர் கண்ணுக்குத் தெரியாததும், வரும் விருந்தாளிக்கு வாசற்படியிலேயே தெரிவதுமான வேறுபாடு ஓர் உன்னீஸ்-பீஸ் எனக் கொள்க. இவ்விரண்டு அலகுகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் வாய்ப்பாடு இன்னும் வகுக்கப்படவில்லை.

மேற்படி நூற்பாவுக்கு மும்பையில் மூன்று உரைகள் வழங்குகின்றன.

மாட்டுங்கா உரை அறிவியல் வழிப்பட்டது. அதில் வியப்பில்லை. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பெயின்ட் செய்வதை அங்கே பட்டப்படிப்பாகவே படிக்கலாம். அந்தப் பேட்டையில் கடைக்காரர்கூட ‘மெட்டாமெரிசம்’ என்கிறார். ட்யூப்லைட்டின் கீழ் ஒன்றாக இருக்கும் இரண்டு சாம்பல், மஞ்சள் எல்ஈடியின் கீழ் தாயாதிகளாகப் பிரிந்துவிடும் என்பது அதன் விளக்கம். சாயங்கள் வேறு வேறாக இருப்பதால் அவை ஒளியை வாங்கித் திருப்புவதும் வேறு வேறாகிறது. எனவே சுவரிலிருந்து ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூச்சைப் பெயர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அதை முத்தமிட்டு ஒரு சூத்திரம் சொல்லும். நல்ல சூத்திரம்தான். ஆனால் அந்தச் சில்லில் மூன்று வருட ஊதுபத்திப் புகையும் தாளிப்பு ஆவியும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. போதாததற்கு மேட்டா, சில்க்கா என்பது வேறு கேள்வி. மினுக்கம் மாறினால் நிறம் ஒன்றே ஆனாலும் ஜன்னலோரம் நின்று பார்க்கையில் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த உரைப்படி செவ்வகம் பூசப்பட்டது. ஈரத்தில் வெளிறி நின்றது, காய்ந்ததும் ஒரு படி இருண்டது; எமல்ஷனின் இயல்பு அது. மறுநாள் வந்த மாமி காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டார்: “இங்க ஏதாவது பெரிய படம் மாட்டியிருந்தேளா?”

செம்பூர் உரை இந்தக் கேள்வியிலேயே பிறந்தது: படத்தை மாட்டிவிடுவது. நாலடிக்கு மூன்றடியில் ஒரு தஞ்சாவூர்க் கிருஷ்ணரை வாங்கும் செலவில் வீட்டையே இரண்டு முறை பெயின்ட் அடிக்கலாம் என்பதால் இவ்வுரையை மேலும் ஆராயவில்லை.

தாராவி உரைக்கு நூல் ஆதாரம் கிடையாது. ஆனால் பெயின்டைப் பற்றித் தாராவிக்குத் தெரியாதது குறைவு. நகரம் அடித்து முடித்த காலி டப்பாக்கள் வந்து சேரும் இடங்களில் ஒன்று அங்கிருக்கும் பதின்மூன்றாம் காம்பவுண்டு. ஒட்டியிருக்கும் பெயின்ட் நீங்கி, நெளிசல் நிமிர்ந்து, அவை மறுபடி விற்பனைக்குப் போகும். விளம்பரத்தில் நேருக்கு நேர் பார்க்காத கம்பெனிகளெல்லாம் அங்கே ஒரே குவியலில் கிடக்கின்றன.

தொண்ணூறடி ரோட்டுக் கடை அண்ணாச்சி சொல்லி அனுப்பிய பெயின்டர், ஷேட் கார்டைத் திறக்கவே இல்லை. மாட்டுங்காச் சாம்பலில் இரண்டு விரலை விட்டு, சுவரில் மூன்று இடத்தில் தடவினார்: ஜன்னல் பக்கம், நடுவில், கதவு மூலையில். காயும்வரை டீ குடித்தார். பிறகு விளக்கைப் போட்டும் அணைத்தும், கன்னத்தைச் சுவரோடு ஒட்டி ஓரப்பார்வையிலும் பார்த்தார்.

“கலரு சேராது சார். எந்தக் கம்பெனியும் சேராது. நடுவுல ஒட்டுப்போட்டா தெரியத்தான் செய்யும். இந்த மூலையிலேருந்து அந்த மூலைவரைக்கும் இதையே அடிச்சிருவோம். மூலையில நின்னுட்டா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

இது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் ஒலித்தாலும் மூன்று உரைகளில் ஒளியியலுக்கு மிக நெருங்கியது இதுவே. மூலையில் சேரும் இரண்டு சுவர்கள் ஒருநாளும் ஒரே அளவு வெளிச்சத்தை வாங்குவதில்லை. ஒரே டப்பாவில் அடித்தாலும் ஒன்று மற்றதைவிட இருண்டுதான் தெரியும். அதைக் கண் ‘நிழல்’ என்று எடுத்துக்கொண்டு போய்விடும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல், 1839இல் வெளியிட்ட நூலில் விரித்தது இதற்கு மறுபக்கம்: இரண்டு நிறங்கள் ஒட்டி நின்றால் ஒன்றின் வேறுபாட்டை மற்றொன்று பெரிதாக்கிக் காட்டும். நடுச்சுவரின் ஒட்டு அந்த விதிக்கு இரையாகிறது. மூலையில் நின்ற பூச்சு நிழலின் கணக்கில் தப்பிவிடுகிறது. ஷெவ்ரல் பக்கம் பக்கமாக எழுதியதைத் தாராவிப் பெயின்டர் ஒரு டீ நேரத்தில் முடித்தார்.

ஒரு ஹால் சுவருக்கு இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர், மிஞ்சினால் இரண்டு லிட்டர் ஆகும். ஷேட் கார்டுகளுடன் பேட்டை பேட்டையாக அலைந்த ஆட்டோக் கூலியைவிட இது அதிகமில்லை. அடித்து முடித்த பிறகு வந்த மாமி அந்தச் சுவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கசிவுக்கு மேல்வீட்டுக்காரர் பணம் கொடுத்தாரா என்றுதான் கேட்டார்.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: வேறு வேறு கம்பெனிச் சாம்பல்கள் சேரா. சேர்ப்பதாகச் சொல்லும் கடையில் ஒரு லிட்டருக்கு மேல் வாங்க வேண்டாம். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. புது டப்பாவில் ஒட்டிவரும் சீட்டில் ஷேட் எண்ணும் பேஸும் அச்சாகியிருக்கும். டப்பாவில் செடி வைப்பதற்கு முன் அந்தச் சீட்டைப் பெயர்த்தெடுத்து, மெயின் சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.