ஒருமுறைதான் கேட்பார்கள்

நம் ஊரில் விருந்தாளி "வேண்டாம்" என்பது மரியாதைக்குத்தான். இலைக்குக் குறுக்கே இரண்டு கையையும் நீட்டி, "ஐயோ போதும், வயிறு ரொம்பிடுச்சு" என்று அவர் அலற வேண்டும். விரலிடுக்கு வழியாக வடை இலையில் விழ வேண்டும். விழாவிட்டால் அது விருந்தே இல்லை. சம்பந்தி வீடாக இருந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கிய தேசம் இது.

பிரெஞ்சுக்காரர்கள் வீட்டில் ஒருமுறைதான் கேட்பார்கள். "வேண்டாம்" என்றால் பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விடும். அன்பில்லாத ஜனங்கள் என்று நினைக்கக் கூடாது. சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற ஜனங்கள், அவ்வளவுதான். இது இன்னும் ஆபத்து.

இந்த எச்சரிக்கையை எனக்குக் கொடுத்தவர், பாரிஸ் மாணவர் விடுதியில் அடுத்த அறையில் இருந்த புதுச்சேரி அண்ணன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி வெறிச்சோடிவிடும். சாப்பாட்டுக் கூடத்தையும் பூட்டிவிடுவார்கள். ஊருக்கு விமானம் ஏற வசதியில்லாத வெளிநாட்டு மாணவர்களை ஒரு வாரம் தம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சில குடும்பங்கள் முன்வருவதுண்டு. எனக்கு வாய்த்த வீடு பிரிட்டனியில், கான்கால் துறைமுகத்துக்குப் பக்கம். "தம்பி, முதல் தடவை கேக்கும்போதே சரின்னு சொல்லிடு. ரெண்டாவது தடவை வராது" என்று சொல்லி அண்ணன் என்னை ரயில் ஏற்றினார்.

வீட்டில் முசியே, மதாம், பதினேழு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண், எண்பதைத் தாண்டிய பாட்டி. புத்தாண்டுக்கென்று வந்திறங்கிய மாமா, அத்தை, மருமகள் வேறு. வாசலிலேயே கன்னத்தோடு கன்னம் ஒற்றும் படலம் ஆரம்பமாகிவிட்டது. இதை எத்தனை தடவை செய்வது என்பதில் அந்த நாட்டில் ஒருமித்த கருத்து கிடையாது. இந்த வீட்டுக் கணக்கு இரண்டு. மாமா பிரெஸ்ட் பக்கத்துக்காரர், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மருமகள் மோன்பெலியேக்காரர், மூன்றாவதுக்குக் கழுத்தை நீட்டியபோது எதிரே ஆள் இல்லாமல் காற்றை முத்தமிட்டார். ராணுவத்துக்கும் ரயிலுக்கும் நாடு முழுக்க ஒரே விதிமுறை வகுத்த அரசாங்கம் இதைத் தொடப் பயந்திருக்கிறது. மறுநாள் காலை காப்பிக்கு முன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அடுத்த அதிர்ச்சி வீட்டின் வெப்பநிலை. வீட்டைச் சூடாக்குவதற்கு 19 டிகிரி என்று பிரெஞ்சுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையில் 19 டிகிரி வந்தால் எங்கள் மண்ணடி முழுக்க மப்ளர் கட்டிக்கொண்டு, மார்கழியைப் பற்றி ஒருவருக்கொருவர் துக்கம் விசாரிப்போம். வேக வரம்பு முதல் வரி வரை அரசாங்கத்தின் எல்லா விதிகளையும் வாய் ஓயாமல் திட்டும் முசியே, இந்த ஒரு விதியை மட்டும் தேசபக்தியோடு காப்பாற்றினார். நான் பல் கிட்டிக்க நின்றதைப் பார்த்து ஒரு ஸ்வெட்டரை நீட்டி, "வேண்டுமா?" என்றார். ஒரே தடவைதான் கேட்டார். அண்ணன் வாழ்க.

டிசம்பர் 31 இரவு அண்ணனின் அறிவுரைக்கு உண்மையான சோதனை வந்தது. சின்னத் துண்டு ரொட்டிமேல் எதை எதையோ தடவி ஒரு தட்டு வந்தது, சரி என்றேன். வறுத்த முந்திரி, சரி. ஆலிவ், சரி. இன்னொரு தட்டு, சரி. இரண்டு மணி நேரம் இப்படியே போனது. விருந்து முடிந்தது, நல்லபடியாகச் சாப்பிட்டோம் என்று நான் நிம்மதியாகச் சாய்ந்தபோது மதாம் எழுந்து, "சரி, சாப்பிட உட்காரலாமா?" என்றார். நடந்தது முன்னுரையாம். அதன் பிறகு முதல் பதார்த்தம், பிரதானப் பதார்த்தம், கீரைச் சாலட், சீஸ், இனிப்பு, காப்பி, காப்பி ஜீரணமாவதற்கு ஒரு சின்னக் கோப்பை சாராயம். 2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாட்டை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை உட்கார்ந்து முடிப்பவர்களுக்கும் ஏதாவது சான்றிதழ் தந்திருக்கலாம்.

"சாப்பிடும்போது பேசாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் குட்டுவார்கள். அங்கே பேசாமல் சாப்பிட்டால், உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். பேச்சுக்கும் ஒரு முறை உண்டு. முதலில் இப்போது சாப்பிடுவதைப் பற்றி, பிறகு போன வருடம் சாப்பிட்டதைப் பற்றி, அதற்கப்புறம் நாளைக்குச் சாப்பிடப் போவதைப் பற்றி. நடுவில் அரசியல். ஓய்வு பெறும் வயதை 62-லிருந்து 64-க்கு உயர்த்த வந்த 2023-ஆம் வருடச் சட்டத்தைப் பற்றி மாமாவும் பையனும் மோதினார்கள். மேஜை அதிர்ந்தது; கண்ணாடிக் கோப்பைகள் நடுங்கின. பதினேழு வயதில் ஓய்வூதியத்துக்காக ஒருவன் தொண்டை கிழியக் கத்துவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நம்மூராக இருந்தால் மறுநாள் பாகப்பிரிவினைக்கு வக்கீல் வந்திருப்பார். அந்த உச்சக்கட்டத்தில் மதாம் சீஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இருவரும் ஒரே குரலில், "ஆகா, இது நல்லா பழுத்திருக்கு" என்றார்கள். சண்டை எங்கே போனதென்று கடைசிவரை தெரியவில்லை.

அந்த வீட்டில் விவாதத்துக்கு இடமில்லாத விஷயம் ஒன்றே ஒன்று: வெண்ணெயில் உப்பு இருக்க வேண்டும். பாரிஸில் கிடைக்கும் உப்பில்லாத வெண்ணெயைப் பாட்டி நோயாளிகளின் பத்தியமாகக் கருதினார். இதற்கு ஒரு வரலாறு உண்டு. மன்னர்கள் காலத்தில் பிரான்ஸின் பெரும்பகுதியில் உப்புக்குக் கடும் வரி. கபெல் என்று பெயர். விலக்குப் பெற்ற பகுதிகளில் பிரிட்டனியும் ஒன்று. மற்றவர்கள் உப்பை எண்ணி எண்ணிப் போட, இவர்கள் வெண்ணெயிலேயே வாரிக் கொட்டிப் பிசைந்தார்கள். வரி 1790-ல் ஒழிந்தது, வீறாப்பு ஒழியவில்லை. காந்தி தண்டிக்கு நடந்த கதையை நான் சொன்னதும் பாட்டி கண்கலங்கி, என் ரொட்டிமேல் இன்னொரு விரற்கடை வெண்ணெய் அப்பினார். கேட்காமலே.

கான்காலுக்குப் புகழ் கடல் சிப்பியால். துறைமுகத்து ஓரமாகக் கடை. அங்கேயே பிளந்து தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சுவர்மேல் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கடற்கரையிலேயே வீசலாம். கீழே வெள்ளை வெளேரென்று ஓட்டு மேடு. அந்த வளைகுடாவில் கடல் சில நாட்களில் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஐரோப்பாவிலேயே பெரிய ஏற்றவற்றங்களில் ஒன்று. கடல் அத்தனை தூரம் நடந்து வந்து தினமும் பரிமாறிவிட்டுப் போகிறது.

வீட்டில் சிப்பி திறப்பது ஆண்களின் வேலை. வருடக் கடைசியில் சிப்பிக் கத்தியால் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் அந்த நாட்டில் ஏராளம். முசியே கம்பி வலைக் கையுறை மாட்டிக்கொண்டார். அதற்குள் எத்தனை வருடத்துக் கிறிஸ்துமஸ் தழும்பு இருந்ததோ! பிளந்ததும் கத்தி நுனியால் சிப்பியின் விளிம்பைத் தொடுகிறார்கள். உள்ளே இருப்பது சுருங்கினால் உயிர் இருக்கிறது, சாப்பிடலாம். சுருங்காவிட்டால் குப்பைக்கு. உயிரோடிருப்பதற்கு இவ்வளவு மோசமான பரிசு வேறெங்கும் கொடுப்பதாகத் தெரியவில்லை. "ஒண்ணு?" என்றார் முசியே. கண்ணை மூடிக்கொண்டு சரி என்றேன். சின்ன வயதில் மெரினாவில் அலை அறைந்து இலவசமாகக் குடித்த அதே கடல். இங்கே டஜன் கணக்கில் விற்கிறார்கள்.

ஒருநாள் என்னைச் சமைக்கச் சொன்னார்கள். மிளகாய்த்தூள் இல்லை, மல்லி இல்லை என்று நான் கையைப் பிசைந்தபோது பாட்டி நிதானமாக எழுந்து, மாத்திரை வைக்கும் அலமாரியைத் திறந்து, ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மஞ்சளாகப் பொடி. பெயர் கறி கோஸ். பாட்டி பிறந்த ஊர் லோரியான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காகவே உருவான ஊர். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கோஸ் என்ற மருந்துக்கடைக்காரர் இந்திய மசாலாவைப் பார்த்து மஞ்சள், இஞ்சி, கிராம்பு, மிளகாயெல்லாம் சேர்த்து இதைத் தயாரித்தார். அன்றிலிருந்து மரபாக மருந்துக்கடையில்தான் விற்பனை. "இதுதான் அசல் கறி. மளிகைக்கடையில் கிடைப்பதெல்லாம் போலி" என்றார் பாட்டி, மண்ணடிக்காரனிடம். சளி மருந்தும் கட்டுத்துணியும் விற்கும் இடத்தில் கறிமசால் வாங்கும் ஜனங்களிடம் வாதாட எனக்கு வாய் எழவில்லை. அந்தப் பொடியிலேயே கோழிக் குழம்பு வைத்தேன். எல்லோருக்கும் கண்ணில் நீர். பாட்டி மட்டும் அமைதியாக ஒரு கரண்டி உப்பு வெண்ணெயைக் குழம்பில் போட்டுக் கலக்கி, "இப்போ சரி" என்றார். ருசி நன்றாகத்தான் இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சேன் மாலோ நகரின் கோட்டைச் சுவர்மேல் நடந்தபோது முசியே தம் ஊர்ப்பக்கத்துச் சூரர்களை வரிசையாக அறிமுகப்படுத்தினார். கனடாவுக்குக் கப்பல் விட்ட ழாக் கார்த்தியே, ஆங்கிலேயக் கப்பல்களைக் கொள்ளையடித்த சுர்கூஃப். "லா பூர்தொனேயும் இங்கேதானே பிறந்தார், 1699-ல்?" என்று கேட்டேன். முசியே முகம் மலர்ந்தது. "1746-ல் எங்கள் ஊரைப் பிடித்தது அவர்தான்" என்றேன். பையன் உடனே மன்னிப்புக் கேட்டான். பாட்டி, "அப்புறம் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் இதுதான் விஷயம். லா பூர்தொனே பெருந்தொகை வாங்கிக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பிவிட நினைத்தார். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் விடக் கூடாதென்றார். இருவருக்கும் முற்றிய சண்டையில், ஊருக்குத் திரும்பிய லா பூர்தொனே பஸ்தீய் சிறைக்குப் போனார். 1748 ஒப்பந்தத்தில், கனடாவிலிருந்த லூயிபூர் கோட்டைக்கு மாற்றாகச் சென்னை ஆங்கிலேயரிடமே போய்ச் சேர்ந்தது. மேஜை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மாமா துய்ப்ளேக்ஸ் பக்கம்; முசியே சொந்த ஊர்ப் பாசத்தில் லா பூர்தொனே பக்கம். சென்னையை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று நள்ளிரவு வரை வாதம். நடுவில் உட்கார்ந்திருந்த சென்னைக்காரனிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. சீஸ் வந்தது, சென்னை பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு ரயில். ஜனவரி முதல் ஞாயிறு என்பதால் மதியம் ராஜாக்களின் கலெத். பாதாம் விழுது வைத்துச் சுட்ட வட்டப் பணியாரம். உள்ளே எங்கோ ஒரு பீங்கான் பொம்மை. யார் துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. தலையில் காகித மகுடம். ஜனாதிபதி மாளிகைக்குப் போகும் கலெத்தில் மட்டும் பொம்மை வைப்பதில்லை. குடியரசுத் தலைவர் ராஜாவாகிவிடக் கூடாதே! முறைகேடு நடக்காமலிருக்க வீட்டிலேயே சின்னவர் மேஜைக்கடியில் நுழைந்து, ஒவ்வொரு துண்டும் யாருக்கென்று அங்கிருந்தபடியே கூவ வேண்டும். ஆட்களைவிட ஒரு துண்டு அதிகமாக வெட்டுவது பழைய வழக்கம்; எதிர்பாராமல் வரும் ஏழைக்கு. வள்ளுவர் இருந்தால் அந்தத் துண்டுக்கு ஒரு குறள் எழுதியிருப்பார்.

பாட்டிதான் வெட்டினார். கத்தி எதிலோ முட்டி ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். "இது யாருக்கு?" என்றார் பாட்டி, வழக்கத்தைவிடச் சத்தமாக. மேஜைக்கடியிலிருந்து என் பெயர் வந்தது, சிரிப்போடு. அந்தப் பெண்ணின் கன்னம் மிட்டாயால் உப்பியிருந்ததை வெளியே வந்தபோது கவனித்தேன்.

பல்லில் பொம்மை கடிபட்டது. மகுடம் சூட்டினார்கள், கைதட்டினார்கள். அப்புறம்தான் மதாம் விதியின் மிச்சப் பாதியைச் சொன்னார்: ராஜாவானவர் அடுத்த கலெத்தைத் தம் செலவில் வாங்கிவர வேண்டும். ஜனவரி முழுக்கக் கலெத் காலம். "அடுத்த ஞாயிறு?" என்றார். வாரம் முழுக்க எதையும் இரண்டாம் தடவை கேட்காத குடும்பம். இதையும் ஒரு தடவைதான் கேட்டது. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று அவர்களுக்கு வற்புறுத்தத் தெரியாது. அதற்குப் பதிலாகப் பணியாரத்துக்குள் பொம்மை வைக்கிறார்கள்.

சரி என்றேன். அந்த ஊர் பேக்கரியில் எட்டுப் பேருக்கான கலெத் முப்பது யூரோ. என் மாணவர் உணவகத்தில் ஒரு சாப்பாடு அப்போது 3.30 யூரோ. ஆக, அரியணையின் விலை ஒன்பது சாப்பாடு, ரயில் கட்டணம் தனி. 1793 ஜனவரியில் ராஜாவின் தலையை வெட்டிய நாடு இது. இப்போது நாகரிகம் முன்னேறிவிட்டது. தலையை விட்டுவிடுகிறார்கள், பில்லை மட்டும் நீட்டுகிறார்கள்.