எட்டு லிங்கம், ஏழு டம்மி

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் நெற்றியில் விபூதியோடும் வாயில் சிவ நாமத்தோடும் நடப்பார்கள். ரிக்ரஷன் வாத்தியார் கையில் பாக்கெட் நோட்டோடு நடப்பார். இளநீர்க் கடையைக் கண்டால் நிற்பார். குடிக்க அல்ல, விலை கேட்க.

கல்லூரியில் புள்ளியியல் நடத்தி, எது எதை எவ்வளவு மாற்றுகிறது என்று கணக்கிடும் ரிக்ரஷனிலேயே ஊறி ஓய்வு பெற்ற ஒருவர் இப்படி ஊருக்கு ஊர் உண்டு. ஆய்வேட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கடைசி மாதத்தில் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேர்வார்கள். ஃபீஸ் வாங்க மாட்டார். அதற்குப் பதிலாக விளக்குவார்.

அந்த விளக்கத்தில் முதல் தகராறு ‘டம்மி’ என்ற பெயரிலேயே வரும். “பௌர்ணமிக்கு ஒரு டம்மி போடு” என்று அவர் ஒருமுறை டீக்கடையில் சத்தமாகச் சொல்லிவிட, மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா சார், சாமி விசேஷத்தைப் போய் டம்மின்னுட்டீங்க?” வாத்தியார் பதறவில்லை. “அது திட்டு இல்லப்பா, ஸ்விட்சு. பௌர்ணமின்னா 1, இல்லைன்னா 0. 1957லயே டேனியல் சூட்ஸ்னு ஒருத்தர் இதைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்கார்.” மாஸ்டர் சூட்ஸையும் மன்னிக்கவில்லை.

அடுத்த தகராறு லிங்கங்களோடு. கிரிவலப் பாதையில் இந்திரன் முதல் ஈசான்யம் வரை எட்டு. இளநீர் விலையை ஆராய்ந்த மாணவி ஒருத்தி எட்டுக்கும் எட்டு டம்மி போட்டுக் கணினியை ஓடவிட்டாள். ஏழுக்கு எண் வந்தது. ஈசான்யத்துக்கு நேரே என்.ஏ. என்று வந்தது. அழாத குறையாக ஓடிவந்தாள்.

“சார், ஈசான்ய லிங்கத்தைத் தூக்கிருச்சு!”

“தூக்கலம்மா, உக்கார வெச்சிருக்கு. மத்த ஏழும் 0 ஆனா மிச்சம் யாரு? ஈசான்யம். மாறிலியே, அதாவது கணக்கு தொடங்குற அடிப்படை விலையே, இப்ப அவர்தான்.”

எட்டையும் போட்டால் எட்டின் கூட்டுத்தொகை எப்போதும் 1, மாறிலியும் அதுவும் ஒன்றையே சொல்லும், கணினி விழிக்கும். ஒன்றை அடிப்படையாக விட்டே ஆகவேண்டும். அப்புறம் குபேரனுக்கு நேரே 5 என்று வந்தால், அங்கே இளநீர் 5 ரூபாய் என்று ஓடக் கூடாது. அதே நாள், அதே வெயில் என்றால் ஈசான்யத்தைவிட 5 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். அடிப்படையை இந்திரனுக்கு மாற்றினால் லிங்கங்களுக்கு நேரே வரும் எண்களும், அதாவது கெழுக்களும், மாறிலியும் மாறும். கணித்த விலை மாறாது. “எந்த லிங்கத்துல ஆரம்பிச்சாலும் கிரிவலம் 14 கிலோமீட்டர்தானேம்மா?”

மாறிலியிலும் ஒரு வேடிக்கை வந்தது. அவள் வெயிலை டிகிரியில் அப்படியே சேர்த்திருந்தாள். ஆக மாறிலி என்பது சாதாரண நாளில், பூஜ்ஜிய டிகிரிக் குளிரில், ஈசான்யத்தில் விற்கும் இளநீரின் விலை! அந்தக் குளிரில் இங்கே இளநீர் வெட்டுகிறவரும் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. ஒவ்வொரு வெப்பநிலையிலிருந்தும் 30ஐக் கழிக்கச் சொன்னதும் மாறிலி மனுஷ விலைக்கு வந்தது.

கார்த்திகை தீபத்தைப் பௌர்ணமியோடு கலந்தால் மட்டும் வாத்தியாருக்குக் கோபம் வரும். வருஷத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ பௌர்ணமிதான். 2,668 அடி மலைமேல் ஏற்றும் ஒரு தீபத்தின் கூட்டம் அதில் சேர்ந்தால், பாவம், மற்றப் பௌர்ணமிகளின் தலையிலும் அந்த விலை ஏறிவிடும். தீபத்துக்குத் தனி டம்மி போடாமல் அவர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்க முடியாது.

போன பௌர்ணமியன்று குபேர லிங்கத்தருகே வாத்தியாருக்கே தாகம். வெப்பநிலை சரியாக 30. நோட்டைப் பார்த்தார்: மாறிலி 40, குபேரன் 5, பௌர்ணமி 10. ஐம்பத்தைந்து ரூபாயை எண்ணி நீட்டினார்.

“அறுபத்தஞ்சு சார்” என்றார் கடைக்காரர், அரிவாளைத் துடைத்தபடி.

வாத்தியார் முகம் மலர்ந்தது. நோட்டைப் பிரித்து, கணித்த விலைக்கும் கேட்ட விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ‘எச்சம் 10’ என்று எழுதத் தொடங்கினார்.

“எச்சமோ மிச்சமோ, அந்தப் பத்தைக் குடுத்துட்டு எழுதுங்க சார். பின்னாடி ஆளு நிக்கறாங்க.”